ஆடாத மடிப்பு

பி.டி. மிஸ் இரண்டு பாவாடைகளையும் மேசைமேல் அருகருகே விரித்து வைத்தார். இரண்டும் ஒரே துணி. சிவப்புக் கட்டம், இடையில் கரும்பச்சை, அதன் நடுவே நூல்போல ஒரு வெள்ளைக் கோடு. பள்ளியின் பேண்டு வாத்தியக் குழுப் பெண்கள் குடியரசு தின அணிவகுப்பில் உடுத்தும் கில்ட். ஸ்காட்லாந்தில் ஆண்கள் கட்டுகிற இந்தப் பாவாடை எப்படியோ எங்கள் கடலூர்ப் பள்ளிவரை வந்து சேர்ந்திருக்கிறது. முன்பக்கம் மடிப்பே இல்லாமல் இரண்டு பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி மூடிக்கொள்ளும். பின்பக்கம் இடுப்பிலிருந்து முழங்கால்வரை மடிப்புதான்.

போன வருடம் எல்லாருக்கும் ஒரே கடையில் தைத்ததில் யாருக்கும் இடுப்பு சரியாக நிற்கவில்லையாம். அதனால் இந்த முறை பள்ளி துணியை மட்டும் கொடுக்கும், தையல் அவரவர் வீட்டுப் பொறுப்பு. ஆனால் மடிப்பு எல்லாருக்கும் ஒன்றுபோல இருக்க வேண்டும். எந்த மடிப்பு என்று முடிவு செய்யத்தான் அம்மாக்களை வரச் சொல்லியிருந்தார்.

“இது நைஃப் ப்ளீட்” என்று மிஸ் முதல் பாவாடையைத் தூக்கிக் காட்டினார். எல்லா மடிப்பும் ஒரே பக்கமாகப் படிந்து, சீட்டுக்கட்டைச் சாய்த்து அடுக்கியதுபோல இருந்தது. இடுப்பைப் பிடித்து ஒரு உதறு உதறினார். மடிப்பெல்லாம் ஒரு பக்கம் போய், நின்று, மறுபக்கம் வந்தது. இரண்டாவது பாக்ஸ் ப்ளீட். அதில் மடிப்புகள் இரண்டிரண்டாக எதிரெதிரே திரும்பி உள்பக்கம் சந்திக்கின்றன. வெளியே தெரிவது தட்டையான பட்டைகள். ஒவ்வொரு பட்டையின் நடுவிலும் அந்த வெள்ளைக் கோடு சரியாக வந்து நின்றது. அதையும் உதறினார். அது லேசாக அசைந்து உடனே அடங்கிவிட்டது.

பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது, அடங்குகிற மடிப்புதான் வேண்டும் என்று.

“உங்க இஷ்டம்தான்” என்றார் மிஸ். “எதுவா இருந்தாலும் எல்லாரும் ஒண்ணா இருக்கணும். ஒரு புள்ளைக்கு மட்டும் வேற மாதிரி இருந்தா, பின்னால இருந்து பாக்குறவங்க கண்ணுக்கு அதுதான் முதல்ல படும்.”

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. அவருடைய மகள் ஜால்ரா போன்ற பெரிய தட்டுகளை அடிப்பவள். நாங்கள் இருவரும் ஒரே ஷேர் ஆட்டோவில் வந்து போகிறவர்கள். அவர் புர்க்காவின் முகத்திரையைத் தலைக்குமேல் போட்டுக்கொண்டு சிரித்தார்.

“எங்க வூட்ல கேட்டா, மடிப்பே வேணாம், சுத்தி தச்சு மூடிருன்னுவாங்க. உள்ள லெக்கிங்ஸ் உண்டுல்ல மிஸ்?”

“கருப்பு லெக்கிங்ஸ், முழங்கால் வரைக்கும் சாக்ஸ். தோலே தெரியாது, போதுமா?”

எல்லாரும் சிரித்தார்கள். நைஃப் தான் அழகு என்று இரண்டு மூன்று பேர் சொல்ல ஆரம்பித்தார்கள். பேச்சு அந்தப் பக்கம் சாய்வதற்குள் நான் எழுந்து நின்றுவிட்டேன். கூட்டத்தில் எழுந்து பேசுகிறவள் இல்லை நான்.

“பாக்ஸே வச்சிக்கலாம் மிஸ். மைதானத்துல கடல் காத்து ஜாஸ்தி. நைஃப்னா பறக்கும், புள்ளைங்க டிரம்மையும் பிடிச்சிக்கிட்டு பாவாடையையும் பிடிச்சிக்க முடியாது. இஸ்திரி போடவும் இதுதான் சுலபம். ஒவ்வொரு வீட்லயும் ஒவ்வொரு விதமா தைப்பாங்க, நைஃப்ல ஒரு மடிப்பு தவறுனாலும் மொத்தமும் தவறிடும்.”

சொன்ன காரணங்கள் எல்லாமே உண்மை. என் காரணம் அவற்றில் எதுவும் இல்லை.

என் மகளுக்கு இடது கால் வலது காலைவிடக் கொஞ்சம் குட்டை. பிறக்கும்போதே இடுப்பு மூட்டு விலகியிருந்தது. பாண்டிச்சேரியில் காட்டினோம். குழந்தையாக இருந்தபோது மாதக்கணக்கில் மாவுக்கட்டு. மூட்டு சேர்ந்துவிட்டது, காலின் நீளம் மட்டும் பின்தங்கிவிட்டது. இடது ஷூவுக்குள் அரை விரல் கனத்துக்கு ஒரு தடித்த அட்டை உண்டு. அதை மருத்துவமனையில் செய்து தருவார்கள். வெளியே பார்த்தால் தெரியாது. பள்ளியில் யாரிடமும் சொல்லவில்லை. சேர்க்கும்போது சொல்லலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்து, யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை. சொன்னால் குழந்தையை ஓடாதே, குதிக்காதே என்று ஓரமாக உட்கார வைத்துவிடுவார்களோ என்ற பயம். சொல்லாமல் இருந்தால் ஒருநாள் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயமும் கூடவே இருந்தது.

அவள் ஆறாம் வகுப்புக்கு வந்ததும் பேண்டில் சேர்ந்தாள். கை நிதானமாக விழுகிறது என்று சைடு டிரம் கொடுத்தார்கள். அதோடு விடாமல் முதல் வரிசையில் வலது ஓரத்தில் நிறுத்தினார்கள். ஓரத்தில் நிற்பவளைப் பார்த்துத்தான் மொத்த வரிசையும் தன்னை நேராக்கிக்கொள்ளும். அந்த இடத்துக்கு நிறையப் பேர் ஆசைப்பட்டார்களாம். அவள் வீட்டுக்கு வந்து அதைச் சொன்ன அன்று என் கணவர் அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். எனக்குத் தூக்கம் வரவில்லை. ஓரம் என்றால் பார்க்கிறவர்கள் பக்கம். கலெக்டர் முதல் வேடிக்கை பார்க்கிறவர்கள்வரை எல்லாருக்கும் முதலில் தெரிகிற கால் அவளுடையதுதான். அதன்மேல் நைஃப் ப்ளீட் கட்டி அனுப்பினால், ஒவ்வொரு அடிக்கும் பாவாடை ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் ஆடும் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது.

கூட்டம் பாக்ஸுக்குச் சம்மதித்தது. 

மறுநாள் சாயங்காலம் பள்ளிவிட்டு வந்தவள் பையைக்கூட இறக்கவில்லை.

“பாக்ஸ் நீதான் சொன்னியாமே.”

“யார் சொன்னா?”

“தட்டு அடிக்கிறவளோட அம்மா அவகிட்ட சொல்லியிருக்காங்க. உங்கம்மா என்னா பாயிண்ட் பாயிண்டா பேசுனாங்க தெரியுமான்னு.” அவள் குரலில் புகழ்ச்சி இல்லை. “நைஃப்னா லெஃப்ட் ரைட் போடும்போது ஷக் ஷக்னு போகும்மா. எல்லாரும் அதுக்குத்தான் ஆசப்பட்டோம். இது பலகை மாதிரி நிக்கும்.”

“காத்துல பறக்கும்டி.”

“பறக்கட்டுமே. உள்ள லெக்கிங்ஸ்தான் இருக்கே.”

பால் ஆறுகிறது, குடி என்றேன்.

பொங்கல் விடுமுறைக்குச் சிதம்பரத்தில் இருக்கும் மாமியார் வீட்டுக்குப் போனோம். துணியையும் எடுத்துக்கொண்டேன். வழியெல்லாம் நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள். பஸ் ஊர்ந்துதான் போனது. துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு, நாமே தைக்கலாமா, கடையிலேயே கொடுத்திருக்கலாமோ என்று மாறி மாறி யோசித்துக்கொண்டு போனேன். அங்கே என் நாத்தனார் இருக்கிறார், கணவருக்கு அக்கா. மோட்டார் வைத்த தையல் மெஷின் வைத்து நடனம் கற்கும் பெண்களுக்கு உடை தைக்கிறவர். விசிறி மடிப்பெல்லாம் அவருக்கு விளையாட்டு. ஆனால் என் பயம் திறமை பற்றியது இல்லை. கடையில் கொடுத்தால் அளவெடுக்கிறவர் இடுப்பைப் பார்ப்பார், ஏன் இப்படி என்று கேட்பார். நாத்தனாருக்கு எல்லாம் தெரியும். அவர் கேட்க மாட்டார்.

மேசையில் துணியை விரித்ததும் என் கணவர் வந்து எட்டிப் பார்த்தார்.

“இது எங்கப்பா கட்டுன கைலி டிசைன்ல. இதுக்குப் போயி ஒரு மீட்டிங்கா?”

“அப்பா கைலிக்கு மடிப்பு வெச்சா கட்டுனாரு?” என்றார் நாத்தனார். “போடா, போயி என் புள்ளைங்கள பிச்சாவரம் கூட்டிட்டுப் போ. போட்டுல ஏத்தி சுத்திட்டு சாயங்காலம் வா. உன் பொண்ணு மட்டும் இருக்கட்டும். அளவு பாக்கணும்.”

“எனக்கும் போட்டுல போணும் அத்தை” என்றாள் மகள்.

“நீதான்டி மாடல். மாடலுக்கு லீவு கெடயாது.”

வீட்டில் நாங்கள் மூவரும் மாமியாரும் மட்டும் மிஞ்சினோம். மாமியார் படுத்துவிட்டார். நாத்தனார் துணியைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு பட்டையின் நடுவிலும் வெள்ளைக் கோடு விழுகிற மாதிரி மடித்துக் குண்டூசி குத்திக்கொண்டே போனார். கோட்டைப் பார்க்காமல், கட்டம் தொடர்ந்து வருகிற மாதிரியும் மடிக்கலாம், மடித்ததே தெரியாது, அதுதான் இன்னும் நேர்த்தி என்றார். மிஸ் காட்டியது கோடு வருகிற மாதிரிதான் என்றேன்.

“நடுவுல கோடு வந்தா கண்ணு கோட்டுலயேதான் நிக்கும். அப்புறம் என்னையச் சொல்லாத.”

“எல்லாரும் அப்படித்தான் தைக்கிறாங்க அண்ணி.”

“சரிம்மா, உன் பள்ளிக்கூடம்.”

மதியத்துக்குள் மடிப்புகள் இடுப்பில் ஏறிவிட்டன. மகளைக் கூப்பிட்டுக் கட்டிவிட்டு கூடத்தின் நடுவில் நிறுத்தினோம். நான் பின்னால் போய் உட்கார்ந்து பார்த்தேன். கீழ் ஓரம் இடது பக்கம் இறங்கியிருந்தது. அதிகம் இல்லை, ஆனால் கட்டம் போட்ட துணி எதையும் மறைக்காது. குறுக்குக் கோடுகள் எல்லாம் இடது பக்கம் சரிந்து ஓடின. நாத்தனாரும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பார்த்தார். 

“கீழ வெட்டிடலாமா அண்ணி?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“கட்டத்துல கீழ சாச்சு வெட்டுனா அப்படியே தெரிஞ்சிரும். மேல தூக்கலாம். இடது பக்கம் இடுப்புல கொஞ்சம் உள்ள புடிச்சிட்டா கோடு மேல வந்துரும்.”

தூக்கினோம். குண்டூசி குத்தி, தள்ளி நின்று பார்த்து, இன்னும் ஒரு நூல் தூக்கி, மறுபடி பார்த்து. கடைசியில் கீழ் ஓரம் தரைக்கு நேராக நின்றது. வெள்ளைக் கோடுகள் வரிசையாக, நேராக. என் மகளின் முதுகுப் பக்கத்தை அவ்வளவு நேராக நான் பார்த்ததே இல்லை. நாத்தனார் தைத்து முடித்ததும் நானே இஸ்திரி போட்டேன். பலகை மாதிரி நின்றது. அப்படித்தான் நிற்க வேண்டும் என்று நினைத்தேன்.

“ஒரு பக்கம் என்னமோ இழுக்குதும்மா” என்றாள் அவள், கண்ணாடிமுன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு.

“புதுசு, அப்படித்தான் இருக்கும்.”

விடுமுறை முடிந்ததும் முழு உடையோடு ஒத்திகை வைத்தார்கள். அம்மாக்கள் வந்து பார்க்கலாம் என்றார்கள். மைதானத்து ஓரத்தில் வேப்பமர நிழலில் நின்றோம். ஜால்ராக்காரியின் அம்மா எனக்குப் பக்கத்தில். குழு எங்களுக்கு முதுகைக் காட்டி வரிசையாக நின்றது. சிவப்புக் கட்டம், வெள்ளைக் கோடு, கருப்பு ஷூ. உடனே என் கண் வலது ஓரத்துக்குப் போனது.

அவளுடைய பாவாடை மட்டும் இடது பக்கம் மேலேறி இருந்தது.

முதலில் கட்டியதில் தவறு என்று நினைத்தேன். பிறகு பார்த்தேன். பக்கத்துப் பெண்ணின் குறுக்குக் கோடு எங்கே முடிகிறதோ, அதே கோடு இவளுக்கு அதற்குமேலே தொடங்கி வலது பக்கம் சரிந்து இறங்கியது. ஒவ்வொரு பட்டையின் நடுவிலும் இருந்த வெள்ளைக் கோடும் சேர்ந்து சாய்ந்திருந்தது. மற்ற எல்லாரும் நேர், ஓரத்தில் இருப்பவள் மட்டும் கோணல். பேண்டு நடக்க ஆரம்பித்தபோது பாவாடைகள் அசையவே இல்லை. பாக்ஸ் ப்ளீட் நான் ஆசைப்பட்டபடியே நடந்துகொண்டது. ஆடியிருந்தால் அந்தச் சாய்வு ஆட்டத்தில் கரைந்திருக்கும். ஆடாததால் அது அப்படியே நின்று, நடந்து, திரும்பி, எல்லாருக்கும் தெரிந்தது.

அப்போதுதான் புரிந்தது. சிதம்பரத்தில் கூடத்தின் நடுவில் அவளை வெறுங்காலோடு நிறுத்தி அளவெடுத்தோம். வேறு எப்படி நிறுத்துவோம்? ஷூ கடலூரில் வாசலில் இருந்தது. இங்கேயே தைத்திருந்தாலும் வாசலில்தான் இருந்திருக்கும். வீட்டுக்குள் யார் ஷூ போட்டுக்கொண்டு நிற்கிறார்கள்? பதினோரு வருடங்களாக வீட்டுக்குள் நான் பார்க்கிற மகள் இடது பக்கம் சாய்ந்து நிற்பவள். மைதானத்தில், அந்த அட்டை வைத்த ஷூவில், அவள் நேராகத்தான் நிற்கிறாள். நானும் நாத்தனாரும் சேர்ந்து, நேராக நிற்கிற ஒரு பெண்ணுக்குச் சாய்ந்த பாவாடையைத் தைத்திருக்கிறோம்.

மிஸ் விசில் ஊதினார். மேளம் நின்றது.

“ஓரத்துல நிக்கிறது. பாவாடைய இறக்கிக் கட்டு.”

அவள் குச்சிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இழுத்துப் பார்த்தாள். இறங்கவில்லை.

“என்ன கோணலா கட்டியிருக்க?”

“கட்டுனது இல்ல மிஸ். தச்சதே அப்படித்தான்.” அவள் குரல் மேளம் அடிக்கிற மாதிரியே நிதானமாக வந்தது. மைதானம் முழுக்கக் கேட்டது. “எனக்கு ஒரு கால் குட்டை மிஸ். ஷூவுல அட்டை இருக்கு. எங்கம்மா ஷூ இல்லாம அளவெடுத்துட்டாங்க.”

வரிசையில் சில தலைகள் திரும்பின. யாரோ ஒருத்தி அவள் காலைக் குனிந்து பார்த்தாள். என் பக்கத்தில் இருந்த அம்மா என் கையைப் பிடித்தார், உடனே விட்டுவிட்டார். மிஸ் என்னைப் பார்த்துக் கையசைத்துக் கூப்பிட்டார். அந்த மைதானத்தைக் கடந்து போவது எனக்குப் பெரிய தூரமாக இருந்தது.

“முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல மேடம்” என்றார் மிஸ். கோபம் இல்லை, கொஞ்சம் ஆச்சரியம். “எனக்குத் தெரியவே தெரியாது. ஒருநாள்கூட ஸ்டெப் தவறுனதில்ல அவ.”

“தைக்கிறதுல தப்பாயிடுச்சு மிஸ். பிரிச்சுத் தச்சிடறேன்.”

“அது சரி. நான் அதக் கேக்கல. ரோட்டுல ரொம்ப தூரம் நடக்கணும், மைதானத்துல ரொம்ப நேரம் நிக்கணும். ஓரத்துல நிக்கிறவளுக்கு திரும்புறப்போ எட்டு வச்சு நடக்கற வேலை ஜாஸ்தி. அவளுக்கு முடியுமா? நீங்க சொல்லுங்க. வேணும்னா நடுவுல போட்டுக்கலாம். நடுவுல சின்னச் சின்ன அடிதான்.”

மகள் டிரம்மோடு அங்கேயே நின்றிருந்தாள். என்னைத்தான் பார்த்தாள். கண்ணால் வேண்டாம் என்றாள். அது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

“நடுவுலயே போட்டுடுங்க மிஸ்” என்றேன்.

சொல்லி முடித்த நொடியே, வேறு மாதிரி சொல்லியிருக்கலாமோ என்று தோன்றியது. ஒரு நாள் யோசித்துச் சொல்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். மிஸ் தலையாட்டிவிட்டு இரண்டாவதாக நின்ற பெண்ணை ஓரத்துக்கு அனுப்பினார். அந்தப் பெண் முகத்தில் சிரிப்பை அடக்க முடியாமல் ஓரத்தில் போய் நின்றாள்.

ஷேர் ஆட்டோவில் என் மகள் பாவாடையின் இடது ஓரத்தைக் கீழே இழுத்துக்கொண்டே வந்தாள். ஜால்ராக்காரியும் அவள் அம்மாவும் ஏதேதோ பேசிக்கொண்டு வந்தார்கள்.

பிரித்துத் தைக்க வேண்டும். எங்கள் வீட்டிலும் ஒரு மெஷின் இருக்கிறது, காலால் மிதிப்பது. இடுப்பில் தூக்கியதைப் பிரித்துவிட்டு, ஷூவை மாட்டிக்கொண்டு கூடத்துக்கு வா என்றேன். வாசலில் நின்று யோசித்தாள்.

“வீட்டுக்குள்ளயா?”

“வா.”

ஷூவோடு வந்து நின்றாள். நான் பின்னால் போய் உட்கார்ந்தேன். துணியை அதன் போக்கில் விட்டேன், எந்தப் பக்கமும் தூக்கவில்லை. கோடு நேராக நின்றது. குண்டூசிக்கே வேலை இல்லை. வெறுமனே விட்டிருந்தாலே சரியாக இருந்திருக்கும்.

“ஏன் எல்லார் முன்னாலயும் மிஸ்கிட்ட சொன்ன?” என்று அவள் முதுகைப் பார்த்தபடியே கேட்டேன்.

“அவங்க கேட்டாங்க. சொன்னேன்.”

“யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?”

“ரெண்டு பேர் ஷூவக் கழட்டிக் காட்டச் சொன்னாளுங்க. காட்டுனேன். ஒருத்தி, எனக்கும் இந்த மாதிரி வச்சா ஹைட்டா தெரிவேனான்னு கேட்டா.”

சிரிப்பு வந்தது, வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. பிறகு, நான் இதுவரை கேட்டிராத ஒன்றைக் கேட்டேன். கேட்டிராததற்குக் காரணம், கேட்டால் பதில் வந்துவிடுமே என்பதுதான்.

“நடக்கும்போது வலிக்குதா பாப்பா?”

“வலிக்கும்.”

என் கை நின்றது.

“தோள். டிரம் பெல்ட் இங்க அறுக்குதும்மா. எல்லாருக்கும் அறுக்குது. கைக்குட்டைய மடிச்சு வைக்கச் சொல்லியிருக்காங்க.”

“கால்?”

“கால் ஏன் வலிக்கணும்?” என்றாள் எரிச்சலாக. “நீ நடுவுல போடச் சொன்னதுதான் வலிக்குது.”

என் கணவர் ஆபீசிலிருந்து வந்து, கூடத்தில் ஷூவோடு நிற்கிற மகளையும் தரையில் உட்கார்ந்திருக்கிற என்னையும் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் எப்போதும்போல ஒரு வார்த்தையில் முடித்தார்.

“போன் பண்ணிச் சொல்லிடு, ஓரத்துலயே நிக்கட்டும்னு.”

“திரும்புறப்போ எட்டு வச்சு நடக்கணுமாம். அவளால முடியலன்னா? அன்னிக்கு அத்தனை பேர் முன்னால விழுந்துட்டான்னா?”

“இத்தனை நாளு விழுந்தாளா?”

விழவில்லை. ஆனால் விழவில்லை என்பது இனியும் விழ மாட்டாள் என்பதாகுமா? போனை எடுத்தேன், வைத்தேன். ஒரு நாள் போகட்டும், ஆறப்போட்டு யோசித்துப் பேசலாம் என்று இருந்தேன். மறுநாள் மிஸ் ஒத்திகையில் இருப்பார் என்று இருந்தேன். அதற்கும் மறுநாள்தான் பேசினேன்.

“ஐயோ, இப்ப சொல்றீங்களே மேடம்” என்றார் மிஸ். “புது வரிசையில பழக்கியாச்சு. ஓரத்துல நிக்கிற புள்ள வீட்ல எல்லாருக்கும் சொல்லி, மாமா சித்தப்பா எல்லாம் வராங்களாம். இனிமே மாத்துனா வரிசை குழம்பிடும். ஆகஸ்ட் பதினஞ்சுக்குப் பாப்போம்.”

அதை நான் மகளிடம் சொன்னபோது அவள் சரி என்று மட்டும் சொன்னாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

குடியரசு தினத்தன்று காலையிலேயே போய் மைதானத்தில் இடம் பிடித்தோம். நானும் கணவரும், ஜால்ராக்காரியின் அம்மாவும் அவர் கணவரும். போலீஸ் அணி, என்.சி.சி., பிறகு பள்ளிகள். நான் எதிர்பார்த்தபடியே கடல் பக்கமிருந்து காற்று அடித்தது. வேறொரு பள்ளிக் குழந்தைகளின் தொப்பி ஒன்று பறந்து உருண்டுகொண்டு போனது. எங்கள் பேண்டு தூரத்தில் திரும்பியபோதே மேளச்சத்தம் வந்துவிட்டது. சிவப்புக் கட்டம், வெள்ளைக் கோடு. எவள் பாவாடையும் பறக்கவில்லை. ஜால்ராக்காரியின் அம்மா என் தோளில் தட்டினார்.

“காத்தப் பாத்தீங்களா? நல்லவேளை நீங்க பாக்ஸ் சொன்னீங்க.”

ஓரத்தில் இருந்த பெண் முழங்காலை உயர்த்தி, கன்னம் இறுக, அழகாக எட்டு வைத்து வந்தாள். எங்களுக்குப் பின்னாலிருந்து அவள் வீட்டுக்காரர்கள் விசிலடித்தார்கள். நான் அவளைத் தாண்டி உள்ளே பார்த்தேன். டிரம், குச்சி, தொப்பி, அதற்கப்பால் இன்னொரு டிரம். எல்லாத் தொப்பியும் ஒரே உயரத்தில் இருந்தது. என் கணவர் செல்போனைத் தலைக்குமேல் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

“உங்க பொண்ணு எது?” என்று ஜால்ராக்காரியின் அப்பா கேட்டார்.

நான் கையைத் தூக்கினேன். எங்கே காட்டுவது என்று தெரியவில்லை. நடுவில் எங்கேயோ என்றேன். அதற்குள் வரிசை எங்களைக் கடந்து முதுகைக் காட்டிவிட்டது. பின்னாலிருந்து பார்த்தால் எல்லாக் கோடும் நேர். எந்த நேர்க்கோடு அவளுடையது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

எல்லாம் முடிந்து, டிரம்மை வேனில் ஏற்றிவிட்டு அவள் வந்தாள். தோளில் பெல்ட் அறுத்த இடம் சட்டைக்கு மேலேயே தெரிந்தது. முகம் வெயிலில் கறுத்திருந்தது. விழாவில் கொடுத்த மிட்டாய் ஒன்று வாயில்.

“பாத்தியாம்மா?”

பார்த்தேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவள் அதைச் சோதிப்பாள் என்று தெரிந்தது. ‘நான் எந்த எடத்துல நின்னேன், முன்னால யாரு, பின்னால யாரு’ என்பாள்.

“பாக்க முடியல. மறைச்சிடுச்சு.”

“ஒரு தடவகூடவா?”

“ஒரு தடவகூட.”

அவள் மிட்டாயை வாய்க்குள் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் தள்ளினாள். அப்பாவிடம் போனை வாங்கி, அவர் எடுத்த படத்தை விரலால் நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். அதிலும் அவள் இல்லை. ஓர் இடத்தில் மட்டும் இரண்டு தொப்பிகளுக்கு நடுவே ஒரு குச்சி மேலே எழும்பித் தெரிந்தது.

“இது நான்தான்” என்றாள். “எப்டி தெரியும்னா, நான்தான் குச்சிய இவ்ளோ தூக்குவேன்.”

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

“ஆகஸ்ட்டுக்கு நீ மிஸ்கிட்ட எதுவும் பேசாத. முடியும்னும் சொல்லாத, முடியாதுன்னும் சொல்லாத. நானே கேட்டுக்கறேன்.”

ஆகஸ்ட்டில் திடீர் மழை வரும், தரை வழுக்குமே என்று உடனே தோன்றியது. அதற்குள் அவள் வளர்ந்துவிடுவாள், கால்களின் வித்தியாசமும் வளர்ந்திருக்கலாம், டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிட்டு முடிவு செய்யலாமே என்றும் தோன்றியது. இதையெல்லாம் சொல்ல அவள் எனக்கு இடம் கொடுக்காமல் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“சரி” என்றேன்.

“ப்ராமிஸ்?”

“சரின்னு சொல்லிட்டேன்ல.”

அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு முன்னால் நடந்தாள். நான் வேண்டுமென்றே அவர்களுக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்துகொண்டேன். பின்னால் நடந்தால் அவள் பாவாடையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.